மலைச்சரிவுப் பாடசாலைக்கு வைஃபை: சுவிட்சிலிருந்து தொடங்குங்கள்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் பல பாடசாலைகள் சரிவில் படிப்படியாக ஏறும் நான்கைந்து கட்டடங்களாகவே அமைந்திருக்கின்றன. கட்டடத்துக்கு ஒரு ரவுட்டர் என வைத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் மழையில் படியேறுவதை விட, கேபிள்களை இணைக்கும் எல்லாச் சுவிட்ச்களையும், வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட்களையும், அவற்றை ஓரிடத்திலிருந்தே இயக்கும் ஒரே கன்ட்ரோலரின் கீழ்க் கொண்டுவருவதே நல்லது. ஆனால் வைஃபைக்குப் பெயர் வைப்பதற்கு முன், கம்பிவழி அடித்தளத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கட்டடங்களுக்கிடையே செப்புக் கேபிளை இழுக்க வேண்டாம். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டரே எல்லை என்பது ஒரு காரணம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையோடு வரும் மின்னல் அதைவிடப் பெரிய காரணம். உலோகக் கவசமில்லாத ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஒரு கட்டடத்தில் நேர்ந்த சேதம் கேபிள் வழியே அடுத்த கட்டடத்துக்குப் பரவாது.

அடுத்து, அக்சஸ் பாயின்ட்களுக்குக் கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் சுவிட்சின் மொத்த வலுவைக் கணக்கிடுங்கள். மொத்தம் 370 வாட் கொண்ட 24 போர்ட் சுவிட்சால், ஒவ்வொன்றும் 30 வாட் கேட்கும் கருவிகளில் 12க்கு மட்டுமே மின்சாரம் கொடுக்க முடியும்.

இனி வீலான் பிரிப்பு, அதாவது ஒரே வலையமைப்பைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது. பெரும்பாலான சிக்கல்கள் பிறப்பது இங்கேதான். வலையமைப்புக் கருவிகளின் நிர்வாகத்துக்கு 10, ஆசிரியர்களுக்கு 20, மாணவர்களுக்கு 30, விருந்தினருக்கு 40 என எண்களை ஒதுக்கி, ஒவ்வொரு வைஃபை பெயரையும் அதற்குரிய வீலானுடன் கன்ட்ரோலரில் இணையுங்கள். பயனர் தரவு முழுவதும் கன்ட்ரோலர் வழியே சென்றால், அக்சஸ் பாயின்டின் போர்ட்டுக்கு நிர்வாக வீலான் மட்டும் போதும். ஆனால் கன்ட்ரோலர் நின்றால் எல்லாமே நின்றுவிடும். மின்வெட்டும் மின்னலும் பழகிய நமது மலையகத்தில், தரவை அந்தந்தச் சுவிட்சிலேயே பிரித்து அனுப்பும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். அப்போது அக்சஸ் பாயின்ட் முதல் பிரதான சுவிட்ச் வரை, வழியிலுள்ள ஒவ்வொரு ட்ரங்க் போர்ட்டிலும் (பல வீலான்களை ஒன்றாகக் கடத்தும் போர்ட்) நான்கு வீலான்களும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஒரு சுவிட்சில் 30 விடுபட்டாலும், மாணவரின் கருவி வைஃபையில் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் ஐபி முகவரி கிடைக்காது. அதைக் கண்டதும் கடவுச்சொல்லைச் சந்தேகிக்காமல் ட்ரங்க் போர்ட்டைப் பாருங்கள்.

ஆசிரியர்களுக்குப் பொதுக் கடவுச்சொல்லை விட, ரேடியஸ் சேவையகம் சரிபார்க்கும் தனித்தனிக் கணக்குகளே ஏற்றவை. ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அவருடைய கணக்கை மட்டும் நீக்கினால் போதும். விருந்தினர் கருவிகள் ஒன்றையொன்று அணுகாதபடி தடுத்து, வீலான் 40இலிருந்து அலுவலகக் கணினிகளுக்குச் செல்லும் வழியை ஃபயர்வோலில் மூடிவிடுங்கள்.

பழைய கருங்கற் சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை வெகுவாக மங்கச் செய்யும். அங்கே அலைவலுவைக் கூட்டுவதால் அதிகப் பயனில்லை, ஏனெனில் கைபேசியின் சிறிய அன்டெனா அனுப்பும் பதில் அதே சுவரைத் தாண்டித் திரும்பி வர வேண்டும். சுவருக்கு அப்பால் இன்னொரு அக்சஸ் பாயின்டை வையுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் அருகருகே உள்ளவற்றுக்கு 1, 6, 11 என வெவ்வேறு சனல்களைக் கொடுங்கள்.