‘காய்ச்சல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, காய்ச்சல், மேலெல்லாம் வலி, மருந்து குடுங்க.” பத்து நாளைக்கு முன்னால் வெறுங்காலோடு கால்வாயில் இறங்கி அடைப்பு எடுத்த கதையைச் சொல்லவே மாட்டார்கள். அவர்களுக்கே அது மறந்து போயிருக்கும். நான் பார்த்ததில் பெரிய தவறு இதுதான்.

பிராணிகளிடமிருந்து வரும் காய்ச்சல் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். எந்தப் பிராணி கொடுத்தது என்பதைப் பொறுத்து மருந்து மாறும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இருப்பது லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா, எலிக் காய்ச்சலைக் கொடுப்பது அதுதான். பென்சிலின் அதன் மேல்சுவரைக் கட்டவிடாது, கிருமி உடைந்து சாகும். செம்பனைத் தோட்டத்து லாலாங் புல்லில் கண்ணுக்குத் தெரியாத உண்ணி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சலுக்கு அதே பென்சிலின் பலிக்காது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது. டாக்சிசைக்ளின்தான் உள்ளே புகுந்து, கிருமி புரதம் தயாரிக்கும் இடத்தை அடைக்கும். இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. குளோரம்பெனிக்கால் என்ற மருந்து உண்ணிக் காய்ச்சலைக் குணப்படுத்தும் என்று 1948ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது கோலாலம்பூரில்தான். ஆகவே அக்குள், இடுப்பு மடிப்பில் உண்ணி கடித்த அடையாளமாகக் கருப்பாக ஒரு பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். காட்டோரம் வேலை என்றால் அதையும் சொல்லுங்கள். குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியாக் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகும். அதற்கு மருந்தே வேறு.

அப்புறம் பனடோல். அது சூட்டை இறக்கும், கிருமியைத் தொடாது. “பனடோல் போட்டா இறங்குது, மறுபடி ஏறுது” என்று நாலு நாள் ஓட்டுவார்கள். அதைவிட மோசம், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடுவது. எலிக் காய்ச்சல் தாக்கும் இடங்களில் சிறுநீரகம் முக்கியமானது, அந்த மருந்தும் அதே இடத்தைக் கெடுக்கும். டெங்கியாக இருந்தால் ரத்தக்கசிவு வேறு.

போன தடவை மிச்சம் வைத்த அரை அட்டை மாத்திரையை எடுத்துப் போடுவதும் நம் வீடுகளில் வழக்கம். எந்தக் கிருமிக்குக் கொடுத்ததோ, யாருக்குக் கொடுத்ததோ! லேசான எலிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக ஏழு நாள். மூன்றாம் நாள் உடம்பு லேசானதும் வேலைக்கு ஓடி, மாத்திரையை மறந்துவிடக்கூடாது. முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும் நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். பரிசோதனை தேடுகிற எதிர்ப்புப் பொருளை உடம்பு தயாரிக்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் டாக்டர்கள் முடிவுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறார்கள்.

டாக்சிசைக்ளினை இரும்புச்சத்து மாத்திரையோடும் காஸ்திரிக் மருந்தோடும் சேர்த்துப் போட்டால் வயிற்றிலேயே கட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராது. பாலும் தள்ளியே இருக்கட்டும். நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், குலை வெட்டுகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட வேண்டும். கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் டோஸ் போட்ட சில மணி நேரத்தில் சிலருக்கு நடுக்கம் வந்து காய்ச்சல் கூடும். “மருந்து ஒத்துக்கல” என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது அப்படி நடப்பது உண்டு. டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது அலர்ஜி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வைரஸுக்கு இந்த மாத்திரைகள் எதுவும் வேலை செய்யாது. 1998, 1999ல் ஈப்போ பக்கமும் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிகளிடமிருந்து பரவிய நிப்பா நூறு பேருக்கு மேல் கொன்றது. முதலில் அதை வேறு மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். அதற்கென்று அங்கீகரித்த மருந்து இன்னும் வரவில்லை.

நாய்க்கடியும் வைரஸ் கணக்குதான், ஆனால் அதில் நமக்கு நேரம் கிடைக்கிறது. ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக மூளைக்கு ஏறும், அது போய்ச் சேருமுன் உடம்பைத் தயார்படுத்துவதுதான் தடுப்பூசியின் வேலை. அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்தில்லை. ஆகவே கடிபட்ட இடத்தில் மஞ்சளோ காப்பித் தூளோ அப்பாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே அரசாங்கக் கிளினிக்கில் போய் நிற்கவும்.