நிரலும் ஓவியமும் தெரியாதவர் கணினி விளையாட்டுத் துறைக்குள் நுழைவது எப்படி?

பெரிய கணினி விளையாட்டு ஒன்றை முடித்ததும் திரையில் ஏறிவரும் பெயர்ப் பட்டியலைக் கடைசி வரிவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். புரோகிராமர்களும் ஓவியர்களும் அதில் பெரும்பங்கு வகிப்பது உண்மைதான். ஆனால் அவர்களோடு சோதனையாளர்கள், விளையாட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் அமைக்கும் லெவல் டிசைனர்கள், கதையும் வசனமும் எழுதியவர்கள், வேலையை அட்டவணையிட்டு நகர்த்திய புரொட்யூசர்கள், ஒலி வடிவமைத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் எனப் பலருடைய பெயர்களும் வரும். நிரல் எழுத வராது, படம் வரையவும் வராது என்பதால் இத்துறையில் தமக்கு இடமில்லை என்று எண்ணுபவர்கள் முதலில் அந்தப் பட்டியலில் தமக்கு ஏற்ற வேலை எது என்று தேட வேண்டும்.

அதில் எங்குமே காணக் கிடைக்காத பதவி ஒன்று உண்டு; யோசனை சொல்பவர் என்பது அதன் பெயர். "என்னிடம் அருமையான கதை இருக்கிறது, செய்து கொடுக்க ஆள்தான் வேண்டும்" என்று குழுக்களை அணுகுபவர்களுக்குப் பதில் கிடைப்பதே அரிது. புரோகிராமரிடமும் ஓவியரிடமும் செய்து தீராத அளவுக்குச் சொந்த யோசனைகள் இருக்கின்றன. அவற்றை முடித்துவைக்கக் கைகொடுக்கும் ஆள்தான் அவர்களிடம் இல்லை. ஆகவே, ஒரு குழுவில் எவருக்கும் நேரமில்லாமல் கிடப்பில் கிடக்கும் வேலை எது, அதைத் தம்மால் எடுத்துச் செய்ய முடியுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே பயன் தரும்.

பலரும் முதலில் ஆசைப்படுவது விளையாட்டின் விதிகளை வகுக்கும் வடிவமைப்பு வேலைக்கு. அதைப் பழகக் கணினியே தேவையில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒரு சீட்டுக்கட்டையோ பகடையையோ எடுத்துக்கொண்டு, நன்கு அறிந்த ஆட்டம் ஒன்றின் ஒரே ஒரு விதியை மாற்றி, இரண்டு பேரை விளையாட வைத்து, வாய் திறக்காமல் பாருங்கள். எங்கே தயங்கினார்கள், எந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள், எப்போது சலிப்புடன் சீட்டைக் கீழே வைத்தார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, விதியைத் திருத்தி, வேறு இருவரிடம் மறுபடியும் கொடுங்கள். ஆட்டத்தின் நடுவே குறுக்கிட்டு விளக்கம் சொல்லும் ஆசையை அடக்குவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. விளையாட்டு வெளியான பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கம் சொல்ல முடியாது அல்லவா?

அடுத்ததாக எண்களோடு பழக வேண்டும். ஒரு வாள் வினாடிக்கு ஒரு முறை வீசி 25 புள்ளி சேதம் தருகிறது. ஒரு கோடரி இரண்டு வினாடிக்கு ஒரு முறை வீசி 50 புள்ளி சேதம் தருகிறது. சராசரிக் கணக்கில் இரண்டும் ஒன்றே. ஆனால் 100 புள்ளி உயிருள்ள எதிரியின் முன் நிறுத்திப் பாருங்கள்: முதல் வீச்சு தொடக்கத்திலேயே விழுகிறது என்று கொண்டால், வாளுக்கு நான்கு வீச்சும் அவற்றிடையே 3 வினாடியும் தேவை, கோடரிக்கு இரண்டு வீச்சும் 2 வினாடியும் போதும். எதிரியின் உயிரை 110 ஆக்கினால் இரண்டுக்குமே 4 வினாடி ஆகிவிடுகிறது. பத்துப் புள்ளி மாற்றம் ஒன்று, விளையாடுபவர் எந்த ஆயுதத்தை எடுப்பார் என்பதையே மாற்றிவிடக்கூடும். இதைக் கண்டுபிடிக்க நிரல் தேவையில்லை. சாதாரண விரிதாளும் பொறுமையும் போதும். இத்தகைய கணக்கு ஒன்றை விரிதாளில் போட்டு, ஏன் இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பவரை, நூறு பக்கக் கற்பனை உலக வரலாறு எழுதி வைத்திருப்பவரைவிட முன்னதாகவே நேர்காணலுக்கு அழைப்பார்கள் என்பது என் கணிப்பு.

லெவல் டிசைனில் ஆர்வமுள்ளவர்களுக்கு விளையாட்டுகளோடு வரும் கருவிகளே பள்ளிக்கூடம். சூப்பர் மாரியோ மேக்கர் 2015-இல் வந்தது. ஃபோர்ட்நைட்டுக்கான அன்ரியல் எடிட்டர் 2023-இல் வந்தது. இவற்றில் ஆயத்தப் பொருள்களை அடுக்கியே இடங்களை உருவாக்கலாம். தொழில்முறைக் குழுக்களிலும் முதல் வடிவம் அழகின்றியே இருக்கும்; கிரேபாக்ஸ் என்று அவர்கள் சொல்வது வெறும் சாம்பல்நிறப் பெட்டிகளால் ஆன அறைகளும் பாதைகளும்தான். அந்தப் பெட்டிகளுக்கிடையில் அம்புக்குறி எதுவும் இல்லாமலே விளையாடுபவர் சரியான வாசலை நோக்கி நடக்கிறாரா என்பதே கேள்வி.

எழுத வருபவர்களுக்கு, கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைன் என்ற இலவசக் கருவி இருக்கிறது. பத்திகளை எழுதி இணைப்புகளால் கோத்தால் கிளைக்கும் கதை ஒன்று உலாவியிலேயே ஓடும். படம் சேர்க்க விரும்பினால் ஆர்பிஜி மேக்கர் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள் உதவும்; அதைக் கொண்டு செய்யப்பட்ட டு தி மூன் என்ற விளையாட்டு 2011-இல் வெளிவந்து கதைக்காகவே பேசப்பட்டது. ஆனால் நிறுவனங்கள் எழுத்தாளரிடம் கேட்பது பெரும்பாலும் காவியத்தை அன்று. காவலாளி ஒருவன் சத்தம் கேட்டுத் திரும்பும் தருணத்துக்கு இருபது விதமாக, ஒவ்வொன்றும் ஆறேழு சொற்களுக்குள், பலமுறை கேட்டாலும் எரிச்சலூட்டாதபடி வசனம் எழுதித் தருவதுதான் அன்றாட வேலை. அதற்கும் மாதிரி தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால், முன்னனுபவம் இல்லாதவருக்கு எளிதில் திறக்கும் வாசல் சோதனைத் துறை. விளையாடிக்கொண்டே சம்பாதிப்பது என்று இதைப் பற்றிப் பரவியிருக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். ஒரே சுவரின் ஒவ்வோர் அங்குலத்திலும் மோதிப் பார்ப்பதில் நாள் முழுவதும் கழியலாம், ஊதியமும் மற்றப் பிரிவுகளைவிடக் குறைவாகவே இருக்கும், பல இடங்களில் வேலை ஒப்பந்த அடிப்படையில்தான். இருந்தும் ஒரு விளையாட்டு உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதை இவ்வளவு நெருக்கமாகப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் அமைவது கடினம்.

இங்கே உங்கள் திறமையைக் காட்டுவது நீங்கள் எழுதும் பிழை அறிக்கை. "கதவு வேலை செய்யவில்லை" என்று எழுதினால் புரோகிராமருக்கு அரை நாள் வீணாகும். "இரண்டாம் கட்டத்தில், கையில் விளக்கோடு கிழக்குக் கதவின் முன் நின்று, குதிக்கும் பொத்தானையும் திறக்கும் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால், திறக்கும் ஓசை கேட்கிறது, கதவு அசையவில்லை, பத்து முறை முயன்றதில் எட்டு முறை நேர்ந்தது, விளக்கைக் கீழே வைத்துவிட்டு முயன்றபோது ஒருமுறையும் நேரவில்லை" என்று எழுதினால் பிழை பாதி கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. இவற்றோடு எந்தப் பதிப்பு, எந்தச் சாதனம், என்ன நடந்திருக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது, விளையாட்டை நிறுத்திவிடும் பிழையா அல்லது கண்ணை உறுத்துவது மட்டுமா என்ற விவரங்களையும் சேர்க்க வேண்டும். சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களும் தத்தம் கன்சோலில் வெளிவரும் விளையாட்டு எதுவும் நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. விளையாட்டின் நடுவே கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் என்ன ஆக வேண்டும் என்பது போன்றவை அவை. வெளிவந்துகொண்டிருக்கும் சிறு விளையாட்டுகளின் சோதனைப் பதிப்புகளை விளையாடி, இத்தகைய அறிக்கைகளை அவற்றைச் செய்தவர்களுக்கு அனுப்பிப் பழகுங்கள். சிறு குழுக்கள் அவற்றை நன்றியோடு ஏற்றுக்கொள்வதுண்டு.

ஒலி, மொழிபெயர்ப்பு, விளையாடுவோர் குழுக்களைப் பராமரித்தல் ஆகியவையும் திறந்த வழிகளே. ஒலிக்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், மற்றவர்களோடு சேர்ந்து ஒன்றை முடித்த அனுபவம் வேண்டும். அதற்குக் கேம் ஜாம்களைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. லூடம் டேர் 2002 முதலும், குளோபல் கேம் ஜாம் 2009 முதலும் நடந்துவருகின்றன; சில நாள்களில் ஒரு விளையாட்டைத் தொடங்கி முடிப்பதே இவற்றின் அடிப்படை. குழு தேடும்போது "எதுவும் செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். "வேலைப் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒவ்வொரு பதிப்பையும் சோதிக்கிறேன், ஒலிகளைச் சேகரித்து அவற்றின் உரிம விவரங்களையும் குறித்து வைக்கிறேன்" என்று எழுதுங்கள். பாதி நேரம் கடந்த பிறகு, பத்து எதிரிகள் வேண்டாம், மூன்று போதும் என்று சொல்லும் துணிவு ஒருவருக்காவது இருந்தால்தான் விளையாட்டு முடியும். புரொட்யூசரின் பணிக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. முடிந்ததை, 2013 முதல் இயங்கிவரும் இட்ச் (itch.io) என்ற விளையாட்டு வெளியீட்டுத் தளத்தில் உலாவியிலேயே விளையாடும்படி ஏற்றிவிடுங்கள். விண்ணப்பங்களைப் புரட்டுபவர்கள் பதிவிறக்கம் செய்து பார்க்கும் அளவுக்குப் பொறுமை உள்ளவர்கள் அல்லர்.

இவ்வழியில் சில மாதங்கள் சென்றால் நிரல் அறவே தெரியாது என்ற நிலை தானாகவே கரையும், கரையட்டும். அன்ரியல் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளின் புளூபிரிண்ட் முறையில், கட்டளைகள் அடங்கிய பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தும், ஜிடெவலப் கருவியில் "இது நேர்ந்தால் இதைச் செய்" என்று வரிசைப்படுத்தியும் சிறிய விளையாட்டுகளைச் செய்துவிடலாம். கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் மாற்றங்களைச் சேமிக்கவும் மற்றவர்களின் மாற்றங்களைப் பெறவும் மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். அது தெரியாதவர் ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க நேரிடும்.

விண்ணப்பிக்கும்போது மூன்று சிறிய, முடிந்த படைப்புகளைக் காட்டினால் போதும். ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது எது, மற்றவர் செய்தது எது என்று தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். இதை மழுப்புபவர்கள் நேர்காணலின் இரண்டாம் கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள். சோதனையாளர் வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்பவர்களை விட்டு விலகுங்கள்.

ஊதியமின்றி, வருவாயில் பங்கு என்ற பேச்சோடு ஒரு குழு அழைத்தால், வேலையைத் தொடங்குவதற்கு முன்பே சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: யாருக்கு எத்தனை விழுக்காடு, ஒருவர் நடுவில் விலகினால் அவருடைய பங்கும் அவர் செய்த வேலையும் யாருக்குச் சேரும், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் கட்ட வேண்டிய 100 டாலரை யார் கட்டுவது, விற்பனை 1000 டாலரை எட்டிய பிறகு அந்தத் தொகை திரும்ப வரும்போது அது யாருடையது.