வற்றாத கைக்கு ஸ்லீவ் வேண்டாம்: நிணநீர் வீக்கச் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீங்கி வந்திருந்த ஒரு பெண்மணிக்கு, புதிதாகப் பணியில் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் வீக்கம் வற்றுமுன்னரே, மாலை ஐந்து மணிக்கு ஸ்லீவுக்காக, அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறைக்காக, அளவு எடுத்துக்கொண்டிருந்ததை அண்மையில் பார்த்தேன். பணியின் முதல் ஆண்டில் நான் செய்த தவறும் அதுவே என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கையில் கீறல் படாமல் காப்பது, தோலை வறண்டுபோக விடாமல் பார்ப்பது போன்றவை எல்லாக் கையேடுகளிலும் இருக்கின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வற்றாத கையில் ஸ்லீவ் மாட்டுவது

அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றிய பிறகோ, அங்கே கதிர்வீச்சு கொடுத்த பிறகோ, கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறுகிப்போகிறது; புரதம் மிகுந்த அந்த நீர் திசுக்களிலேயே தேங்கி, நாளடைவில் தோலையும் அடித்திசுவையும் தடிக்கச் செய்கிறது. தொடக்க நிலையில், இரவில் கையை உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிந்துவிடும் மென்மையான வீக்கத்துக்கு, ஸ்லீவ் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் காலையிலும் வீக்கம் அப்படியே நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, கையின் வடிவமும் மாறிவிட்டிருந்தால், ஸ்லீவால் அதை வற்ற வைக்க முடியாது. வற்றிய கையை அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை.

அத்தகைய கைக்கு முதலில் வேண்டியது கட்டு. அதுவும் நன்றாக இழுபடும் கிரேப் பேண்டேஜ் அன்று. குறைவாகவே இழுபடும் துணிப் பேண்டேஜை, உள்ளே பஞ்சோ ஃபோமோ வைத்து, விரல்களிலிருந்து தொடங்கிப் பல அடுக்குகளாகக் கட்ட வேண்டும். கட்டோடு கையை அசைக்கும்போது, விரியாத அந்தச் சுவருக்கு எதிராகத் தசை சுருங்கி விரிந்து நீரை மேலே தள்ளுகிறது. கை ஓய்ந்திருக்கும்போது அழுத்தம் தானே தணிகிறது. நிணநீர் வடிப்பு மசாஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றுடன் இது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் நடக்கும். அடுத்தடுத்த அளவுகள் மேலும் குறையாமல் நின்ற பிறகு, கட்டைப் பிரித்த உடனே எடுக்கும் அளவுதான் ஸ்லீவுக்கு உரியது.

நான் இதைச் செய்யாமல் ஸ்லீவ் வாங்க வைத்த ஒருவர், மூன்று வாரம் கழித்து அதைப் பையில் மடித்துக் கொண்டுவந்தார். அவர் அணியவில்லை என்பதை அறிந்ததும், ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கோப்பில் எழுதினேன். பிறகு என் முன்னாலேயே போடச் சொன்னேன். போட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. முழங்கை மடிப்பில் துணி திரண்டது, மேல்விளிம்பு தசைக்குள் பதிந்தது, அரை மணி நேரத்தில் விரல் கணுக்கள் தெரியாத அளவுக்குப் புறங்கை பொம்மிவிட்டது. “நான்தான் ஒழுங்காப் போடல போலிருக்கு மேடம்” என்றார் அவர். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு அனைத்தையும் தாங்கி வந்தவர், என் தவறான அளவுக்குத் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். வீங்கிய கையைப் பற்றிப் பிறர் கேட்பார்களே என்று வெளியில் செல்வதையும் குறைத்திருந்தார். கோப்பில் எழுதிய வரியை அடித்துவிட்டுக் கட்டுப் போடத் தொடங்கினேன். பதினெட்டாம் நாள் புறங்கையின் பச்சை நரம்புகள் மறுபடி தெரிந்தன. அதன் பிறகே உள்ளங்கைப் பகுதியும் சேர்ந்த புதிய ஸ்லீவுக்கு அளவு கொடுத்தோம். பழையதற்குக் கொடுத்த பணம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருளில் இப்படி ஒன்றை வீணாக்க வைத்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது. அதையே மற்றவர்கள் செய்யப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

கையைப் பயன்படுத்தாதே என்பது

2009-இல் வெளியான ஓர் ஆய்வில், நிணநீர் வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் இருமுறை படிப்படியாக எடை தூக்கிப் பயிற்சி செய்தனர். வீக்கம் கூடவில்லை, வீக்கம் மோசமாகும் நிகழ்வுகள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. ஆகவே பொருந்திய ஸ்லீவை அணிந்து, குறைந்த எடையில், கண்காணிப்போடு தொடங்கச் சொல்லுங்கள். குழந்தையைத் தூக்காதே என்று சொல்லி அனுப்பினால் கையும் பலம் இழக்கும், மனமும் சோர்ந்துபோகும்.

நீர் மாத்திரை

நிணநீர் வீக்கத்துக்கு இது மருந்தன்று. நீர் குறையலாம், தேங்கிய புரதம் அங்கேயேதான் இருக்கும். வேறு நோய்க்காக மருத்துவர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவும் கூடாது.

சிவந்த கைக்கும் திடீர் வீக்கத்துக்கும் கட்டுப் போடுவது

சிவப்பு, சூடு, காய்ச்சல் என்றால் கட்டையும் மசாஜையும் நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். வலியோடு திடீரென வீங்கினால் இரத்த உறைவோ புற்றுநோய் திரும்பியதோ இல்லை என்று தெரிந்த பின்னரே கை வையுங்கள்.

அளவு நாடாவை மட்டும் நம்புவது

இரு கைகளுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர் வேறுபாடு என்பது நோயைக் கண்டறிய வழக்கத்தில் உள்ள ஓர் அளவுகோல். ஆனால் கனமும் இறுக்கமும் வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன்னரே வந்துவிடலாம். துன்பமும் சென்டிமீட்டர் கணக்கில் ஏறி இறங்குவதில்லை. எனவே நாடாவை எடுக்குமுன் உறக்கம் எப்படி இருக்கிறது, எந்த உடையை ஒதுக்கிவிட்டீர்கள், எந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர் வேறுபாடே இருந்த ஒருவர், கை நசுங்கிவிடும் என்ற அச்சத்தில் பல மாதங்களாக நாற்காலியில் உட்கார்ந்தே உறங்கியதாகச் சொன்னார். தலையணையில் கையைத் தாங்கி வைத்துப் படுக்கும் முறையை முதல் நாளே கற்றுக்கொடுத்தோம். இரண்டாம் வாரத்தில் அளவு அரை சென்டிமீட்டர்தான் குறைந்திருந்தது. அவர் கட்டிலில் படுத்து உறங்கத் தொடங்கியிருந்தார்.