உயர்மலைப் பனியில் ஆறிதழ்ப் பூ: நடந்தே வரையும் நிலக்கலை

நிலக்கலை (இயற்கை வெளியையே பரப்பாக்கிச் செய்யும் கலை) செய்ய மலையேறுபவர்கள் முதலில் கை வைப்பது கல்லில்தான். அதைத் தொடாதீர்கள். உயர்மலைப் பாறைகளில் படரும் கல்பாசிகளில் சில, ஆண்டுக்கு 1 மி.மீ. கூட வளர்வதில்லை. கல்லைப் புரட்டினால் பாசி மண்ணுக்குள் போய்ச் செத்துவிடும். அடியில் ஒண்டியிருந்த பூச்சிகளுக்கும் இடம் போகும். நீங்கள் அடுக்கிய கற்குவியலை வழிக்குறி என்று நம்பி, மூடுபனியில் யாராவது தடம் மாறிப் போகவும் கூடும்.

பனியில் வரைவது நல்ல தொடக்கம். பிரான்சின் லெஸ் ஆர்க் மலைப்பகுதியில் சைமன் பெக் என்ற கலைஞர் 2004 முதல் ஸ்னோ ஷூ (பனியில் புதையாமல் நடக்க உதவும் அகன்ற காலணி) அணிந்து நடந்தே மாபெரும் வடிவங்களை வரைந்துவருகிறார். அடுத்த பனிப்பொழிவு எல்லாவற்றையும் மூடிவிடும். ஆனாலும் இடத்தைத் தவறாகத் தேர்ந்தால் பனிக் கலையும் கெடுதல் செய்யும்.

இடம்

மொத்தப் பனி ஆழம் குறைந்தது 50 செ.மீ. இருக்க வேண்டும். ஊன்றுகோலைக் குத்தி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். பனிக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் தரையைக் குளிரிலிருந்து காக்கிறது. மெல்லிய பனியை மிதித்து இறுக்கினால் அந்தக் காப்பு போய், வேர்கள் கூடுதலாக உறையும். இறுகிய பனி தாமதமாக உருகுவதால் செடிகளின் குறுகிய வளர்காலமும் சுருங்கும். புல் நுனியோ குற்றுச்செடியின் கிளையோ வெளியே தெரிந்தால் அந்த இடம் வேண்டாம்.

மரங்கள் முடியும் எல்லையை ஒட்டியும் வரையாதீர்கள். கருங்குரோஸ் (கோழி இனக் காட்டுப்பறவை) போன்ற பறவைகள் அங்கே பனிக்குள் குழி தோண்டிப் பகலெல்லாம் முடங்கியிருக்கும். ஒருமுறை விரட்டப்பட்டாலே, குளிரைத் தாங்கச் சேமித்த சக்தி வீணாகும்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. பலகைப் பனிச்சரிவுகள் (இறுகிய பனியடுக்கு பலகைபோல் மொத்தமாகப் பிரிந்து சரிவது) பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில் கிளம்புகின்றன. நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் விலகுங்கள். அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். உறைந்த ஏரி அழகான சமதளம்தான், ஆனால் மேலே கிடக்கும் பனி, ஐஸ் தடிப்பதைத் தடுக்கும். புதியவர்களுக்கு ஏரி வேண்டாம்.

தேவையானவை

இரண்டு பேர், இரண்டு ஜோடி ஸ்னோ ஷூ, ஒரு திசைகாட்டி, ஊன்றுகோல், 3 மி.மீ. தடிமனில் 16 மீட்டர் பாலியஸ்டர் கயிறு. நைலான் ஈரத்தில் நீளும், வட்டம் கோணலாகும். கயிற்றின் இரு முனையிலும் வளையம் போட்டு, வளையத்துக்கு வளையம் சரியாக 15 மீட்டர் வையுங்கள். கெட்டியான அடித்தளத்தின் மேல் 10–20 செ.மீ. புதுப்பனி இருந்தால் தடம் கூர்மையாக விழும்.

வரைதல்

கவராயத்தை வைத்துப் பள்ளியில் வரைந்த அதே ஆறிதழ்ப் பூதான். ஆரம் 15 மீட்டர்.

1. ஏற்கெனவே உள்ள நடைபாதையை வட்டத்தின் விளிம்பு தொடுமாறு அமையுங்கள். தொடும் இடம் புள்ளி 1. உள்ளே வந்த தடம் தனியாகத் துருத்தித் தெரியாமல் இருக்க இதுதான் வழி.

2. முதல் ஆள் கயிற்றின் ஒரு முனையோடு, திசைகாட்டி பார்த்து நேராக 15 மீட்டர் உள்ளே நடந்து மையத்தில் நிற்க வேண்டும். அங்கே பனியை மிதித்து இறுக்கி, ஊன்றுகோலை நட்டு வளையத்தை மாட்டிப் பிடித்துக்கொள்ளட்டும். கோல் சாய்ந்தால் ஆரம் மாறிவிடும்.

3. இரண்டாம் ஆள் கயிறு தொய்யாமல் மார்பு உயரத்தில் பிடித்து வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். தொய்ந்த கயிறு பனியில் கீறல் போடும், கீறலை அழிக்க முடியாது.

4. முதல் ஆள் கோலையும் கயிற்று முனையையும் எடுத்துக்கொண்டு, போன தடத்திலேயே புள்ளி 1-க்குத் திரும்பி நிற்கட்டும். மற்றவர் விளிம்பிலேயே நடந்து, கயிறு விறைக்கும் இடத்தில் நின்றால் அது புள்ளி 2. அங்கிருந்து கயிறு விறைப்பாகவே மையத்தின் வழியாக வளைந்து போனால் எதிர்ப்பக்கம் விளிம்பைத் தொடுவார். முதல் வில் (வளைகோடு) முடிந்தது.

5. இனி முதல் ஆள் விளிம்பிலேயே நடந்து புள்ளி 2-க்கு மாற வேண்டும். மற்றவர் விளிம்பு வழியாகப் புள்ளி 1-க்கு வந்து அடுத்த வில்லைத் தொடங்கலாம். இப்படியே ஆறு வில்கள். கோடு தவிர வேறெங்கும் கால் படக் கூடாது.

6. ஆறாவது வில் புள்ளி 1-இல் வந்து முடிய வேண்டும். அரை மீட்டர் வரை தவறினால் கவலை வேண்டாம், இதழை நிரப்பும்போது மறைந்துவிடும். அதற்கு மேல் போனால் கயிறு தொய்ந்திருக்கிறது, அல்லது கோல் நகர்ந்திருக்கிறது.

ஒற்றைத் தடம் தூரத்திலிருந்து தெரியாது. எல்லாக் கோடுகளையும் இரண்டாம் முறை ஒட்டி மிதியுங்கள். பிறகு இதழ்களை நிரப்புங்கள்: விளிம்பிலுள்ள நுனியிலிருந்து நுழைந்து, நீளவாக்கில், அரை மீட்டர் இடைவெளியில் போய்வாருங்கள். ஓர் இதழ் நடுவில் 4 மீட்டர் அகலம் இருக்கும். முதலில் மையத்துக்குப் போன தடமும் முதல் இதழுக்குள்ளேயே அடங்கிவிடும்.

சாயம், படம்

சாயம் வேண்டவே வேண்டாம், உணவுச் சாயம்கூட. கருநிறம் வெயிலை உறிஞ்சிப் பனியை உருக்கும், கரைந்தது ஓடையில் சேரும். நிழலே உங்கள் வண்ணம். சூரியன் தாழ்வாகப் பக்கவாட்டில் இருக்கும்போது எதிர்ச்சரிவிலிருந்து படமெடுங்கள். மேகமூட்டத்தில் எதுவுமே தெரியாது. 30 டிகிரி மேலிருந்து பார்த்தால் வட்டத்தின் உயரம் பாதியாகச் சுருங்கித் தெரியும், அதனால் எவ்வளவு உயரமான இடம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

காற்று வீசிய மறுநாள் போய்ப் பாருங்கள். சுற்றியிருந்த தளர்பனி பறந்துபோய், மிதித்து இறுகிய தடங்கள் மட்டும் மேடாகத் துருத்தி நிற்கும். படமெடுக்க அதுவும் நல்ல நேரம்.

இந்த அளவுக்கு வில்களும் வட்டமும் சேர்ந்து சுமார் 280 மீட்டர், நிரப்ப ஏறத்தாழ 500 மீட்டர் நடை. ஆரத்தை இருமடங்காக்கினால் கோடுகள் இருமடங்குதான், ஆனால் நிரப்பும் நடை நான்கு மடங்காகி 2 கி.மீ. ஆகிவிடும். பகல் வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்த பிறகே கயிற்றை நீட்டுங்கள்.