விடுதிக்கு கேஸ் வாட்டர் ஹீட்டர்: பொருத்துவதும் பாதுகாப்பாக இயக்குவதும்

உதகமண்டலத்தில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதிக்கு, தொட்டியுடன் கூடிய கேஸ் வாட்டர் ஹீட்டர் பொருத்துவதை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கேஸ் இணைப்பைப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்தான் செய்ய வேண்டும். அவர் செய்வது சரிதானா என்று உடனிருந்து பார்க்க, விடுதி நடத்துபவருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கணக்கு. 1,000 லிட்டர் நீரை 15 டிகிரி செல்சியசிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 45,000 கிலோகலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ எல்.பி.ஜி. ஏறத்தாழ 11,000 கிலோகலோரி தரும்; அதில் ஐந்தில் நான்கு பங்கு நீரைச் சேர்ந்தால், 5 கிலோவுக்குச் சற்று மேல் செலவாகும். இதை ஒரே மணி நேரத்தில் ஒரே 19 கிலோ சிலிண்டரிலிருந்து எடுத்தால், சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும் என்பதால், பல சிலிண்டர்களை ஒரு பொதுக்குழாயில் இணைக்க வேண்டும். வீட்டு உபயோக சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தியும் குறைவு. பர்னரை அந்த உயரத்திற்கு ஏற்றவாறு அமைத்துத் தரும்படி வாங்கும்போதே கேளுங்கள்.

அடுத்தது இடம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஹீட்டரை நிலவறையில் வைக்கக் கூடாது. சிலிண்டர்கள் கட்டடத்திற்கு வெளியே நிமிர்ந்து நிற்க வேண்டும். ஹீட்டர் அறைக்குத் தரையருகே ஒன்று, கூரையருகே ஒன்று என, ஒருபோதும் மூடப்படாத இரண்டு காற்றுவழிகள் வேண்டும். குளிர் தாங்காமல் ஊழியர்கள் அவற்றைச் சாக்கால் அடைப்பதுதான் மலையூர்களில் நான் மிகவும் அஞ்சும் பழக்கம். காற்று போதாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்கொல்லும் நச்சுவாயுவை உண்டாக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

புகைக்குழாய் மேல்நோக்கிச் சரிவாகச் சென்று கூரைக்கு மேலே திறக்க வேண்டும். சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, அது புகையைத் திரும்ப அறைக்குள் இழுக்கக்கூடும். இதைச் சோதிக்க, எல்லா ஃபேன்களையும் ஓடவிட்டு, கதவு ஜன்னல்களை மூடி, ஹீட்டரை ஐந்து நிமிடம் எரியவிட்ட பின், ஹீட்டரின் மேல் புகைக்குழாய் தொடங்கும் திறப்பின் அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். ஊதுபத்தியின் புகை குழாய்க்குள் இழுக்கப்பட்டால் சரி. அறைப்பக்கம் தள்ளப்பட்டால் உடனே ஹீட்டரை அணைத்துவிட்டு, குறையைச் சரிசெய்யும்வரை அதை இயக்காதீர்கள். கேஸ் கசிவு இல்லை என்று உறுதியான பின்னரே இச்சோதனையைச் செய்ய வேண்டும். அத்துடன் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் பொருத்துங்கள்.

கசிவைச் சோப்புக் கரைசலால் மட்டுமே பார்க்க வேண்டும். இணைப்பில் குமிழி எழுந்தால் கசிவு உள்ளது. தீக்குச்சியால் சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

தொட்டியின் பாதுகாப்பு வால்வு, வெப்பமோ அழுத்தமோ மீறும்போது நீரை வெளியேற்றும். அதிலிருந்து வரும் குழாயைத் தரையருகே கொண்டுவந்து விடுங்கள். சொட்டுகிறது என்பதற்காக அதை அடைத்துவிட்டால், தொட்டியே வெடிக்கக்கூடும்.

பற்றவைக்கும் முன், வெந்நீர்க் குழாய்களில் காற்று நின்று நீர் சீராக வரும்வரை தொட்டியை நிரப்புங்கள். பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சிறு சுடர்) உள்ள ஹீட்டரில் கேஸை மூடி ஐந்து நிமிடம் காத்திருந்து, தரையருகே வாடை இல்லை என்று பார்த்த பின், ஹீட்டரின் திருகுகுமிழை பைலட் நிலைக்குத் திருப்பி அழுத்திப் பற்றவைத்து, ஒரு நிமிடம் அழுத்தியே இருந்து பிறகு கையை எடுங்கள். சுடர் அணைந்தால் மீண்டும் ஐந்து நிமிடக் காத்திருப்பு அவசியம். சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளானால் அணைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

தொட்டியில் வெப்பத்தை 60 டிகிரியில் வையுங்கள். குறைத்தால், நுரையீரல் நோயை உண்டாக்கும் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகலாம். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும்; எனவே குளியலறைக்குச் செல்லும் குழாயில், குளிர்நீரைச் சேர்த்துச் சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு வைத்து, 45 டிகிரிக்கு மேல் போகாமல் பாருங்கள்.

கேஸ் வாடை வந்தால் எந்த மின் சுவிட்சையும், அணைப்பதற்குக்கூட, தொடாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடி, கதவுகளைத் திறந்து, அனைவரையும் வெளியேற்றிய பின், வெளியிலிருந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

தொட்டியின் அடியில் படியும் வண்டலை அவ்வப்போது வெளியேற்றுங்கள். புகைக்குழாயின் மேல்முனையில் பறவைக் கூடோ இலைச் சருகோ அடைத்திருக்கிறதா என்று, ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலம் தொடங்கும் முன் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.