அழுத்தி மிதித்தால் ஆட்டோ காடி திணறுகிறதா? பட்டறைக்குப் போகுமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

பிறை டோலில் அட்டையைத் தட்டிவிட்டுப் பினாங்குப் பாலத்தை நோக்கிக் கிளம்பும் அந்த நூறு, இருநூறு மீட்டர்தான் என் ஆட்டோ கியர் காடியின் குறையைக் காட்டிக்கொடுத்தது. டோல் வாசல்களில் இருந்து வரும் வண்டிகள் எல்லாம் மூன்று தடங்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சேரும் இடம் அது. பின்னால் லாரி. ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கிறேன். காடி ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அப்புறம் தலையை ஆட்டி ஆட்டி நகர்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னடா, எண்ணெய் முடிஞ்சி போச்சா?" என்று கேட்டார்.

முதலில் போன பட்டறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ் போச்சு தம்பி, ஓவர்ஹால் பண்ணணும், 3,800 வெள்ளி ஆகும்" என்றார்கள். கடைசியில் மாற்றியது, பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் ஒரே ஒரு இக்னிஷன் காயில். கூலியோடு 140 வெள்ளி.

ஆட்டோ காடி என்றாலே எல்லாப் பழியும் கியர்பாக்ஸ் மேல்தான் விழுகிறது. ஆனால் திணறுகிற அந்த ஒரு நொடியில் மீட்டரில் ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள், என்ன செய்கிறது என்று கவனித்தால், கோளாறு இன்ஜினிலா கியர்பாக்ஸிலா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாதவர்களும் முதல் நான்கு படிகளைச் செய்யலாம்.

முதல் படி: இது கோளாறுதானா?

டி கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதியை அடிவரை அழுத்தினால், கியர்பாக்ஸ் ஒரு கியரோ இரண்டு கியரோ கீழே இறங்கியாக வேண்டும். இதற்குப் பெயர் கிக்டவுன். பழைய நான்கு கியர் ஆட்டோவில் இதற்கு அரை நொடியிலிருந்து ஒரு நொடி வரை பிடிக்கும். அந்தத் தாமதம் அதன் சுபாவம், நோயில்லை. டர்போ காடிகளில் டர்போ சுழன்று காற்றழுத்தம் ஏறவும் கொஞ்ச நேரம் ஆகும். இகோ பொத்தான் அழுத்தியிருந்தால் கம்ப்யூட்டரே மிதியை மந்தமாக்கி வைத்திருக்கும்.

சிவிடி காடிக்கு வேறு குணம். அதில் படிப்படியான கியர் கிடையாது. பெல்ட்டும் புல்லியும்தான். அழுத்தி மிதித்தால் முள் முதலில் விர்ரென்று ஏறி 4,000, 5,000 என்று நிற்கும், வேகம் பின்னாலேயே ஏறிவரும். பழைய மைவியில் இருந்து 2021 நவம்பரில் வந்த புது மைவிக்கு மாறிய என் சித்தப்பா, "சத்தம்தான் வருது, காடி வரமாட்டேங்குது" என்று ஒரு மாதம் புலம்பினார். பழையது நான்கு கியர் ஆட்டோ, புதியது சிவிடி. காடியில் ஒரு குறையும் இல்லை, அவர் காதுதான் பழக வேண்டியிருந்தது.

ஆகவே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: போன வருடம் இப்படி இல்லாமல் இப்போது இப்படி ஆனதா? ஆமாம் என்றால் மேலே படியுங்கள்.

இரண்டாம் படி: கால் மிதியடி

சிரிக்க வேண்டாம். தொழிற்சாலை மிதியடி மேல் இன்னொரு தடித்த மிதியடி போட்டிருப்போம். அது சுருண்டு மிதிக்கு அடியில் போய் நின்றால் மிதி அடிவரை இறங்காது, கிக்டவுனும் வராது. இன்ஜினை அணைத்துவிட்டு, மிதியைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கேபிள் உள்ள பழைய காடியாக இருந்தால், ஒருவர் மிதியை முழுதாக அமுக்கும்போது பானட்டுக்குள் திராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் வாய், முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: ஓட்டிப் பார்ப்பது

இதைப் பாலத்தில் செய்யாதீர்கள். அங்கே வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ., ஒதுங்கவும் வசதியில்லை. நான் ஞாயிறு காலை பத்து காவான் பக்கம் போனேன். அகலமான நேர்சாலைகள், அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் குறைவு. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மீட்டரை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 40 கி.மீ. வேகத்தில் பாதி மிதி, அப்புறம் அதே 40இல் முழு மிதி. ஏர்கோனோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை. 1.0, 1.3 லிட்டர் இன்ஜினுக்கு ஏர்கோன் கம்ப்ரஸரே ஒரு சுமைதான்.

முக்கியமான சோதனை அடுத்தது. 30 கி.மீ. வேகத்தில் லிவரை 2க்கு இறக்கிவிட்டு முக்கால் மிதி மிதியுங்கள். அடிவரை வேண்டாம், சில காடிகள் ஒன்றாம் கியருக்கே இறங்கிவிடும். 2இல் சிக்கென்று இழுத்து, டியில் மட்டும் திணறினால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கியர் இறங்கும் வேலையில்தான் சிக்கல். 2இலும் அதே திணறல் என்றால் கியர்பாக்ஸை மறந்துவிட்டு இன்ஜினைப் பாருங்கள். என் காடி 2இலும் தலையை ஆட்டியது. அந்த ஒரு சோதனையை நான் முன்பே செய்திருந்தால், 3,800 வெள்ளி என்று கேட்டு இரண்டு இரவு தூக்கம் கெட்டிருக்காது.

இப்போது வீடியோவை மெதுவாக ஓட்டி முள்ளைப் பாருங்கள். முள் பாய்ந்து ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கியர்பாக்ஸ் வழுக்குகிறது. முள் ஏறவே மாட்டேன் என்று சோம்பலாகக் கிடந்தால் காற்று அல்லது பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் புகை வெளியேறும் வழி அடைத்திருக்கிறது. முள் நடுங்கி, காடியும் வெட்டி வெட்டிப் போனால் தீப்பொறி விட்டுவிட்டு வருகிறது, அதாவது மிஸ்ஃபயர்.

நான்காம் படி: காடியிடமே கேட்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் பதினாறு துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்பார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ரீடரை அதில் செருகி, ஃபோனில் ஒரு செயலியைப் போட்டால் காடி மனதில் வைத்திருக்கும் கோளாறு எண்களைப் படிக்கலாம். மிகப் பழைய காடிகளில் இது வேலை செய்யாமல் போகலாம். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்றாலும் படித்துப் பாருங்கள், விளக்கு எரியுமுன்பே சில எண்கள் உள்ளே பதிவாகிக் கிடக்கும்.

பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று உறுதியாகாத மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 என்றால் பெட்ரோலை விடக் காற்று அதிகம். பி0420 என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பி0700 என்றால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்ல விரும்புகிறது. அதை முழுதாகக் கேட்கப் பட்டறையில் உள்ள பெரிய ஸ்கேனர் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செக் இன்ஜின் விளக்கு சும்மா எரிவது வேறு, மினுக் மினுக்கென்று மின்னுவது வேறு. மின்னினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது. அந்தச் சூட்டில் கன்வர்ட்டர் வெந்துவிடும். காலை எடுத்து மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வாருங்கள்.

ஐந்தாம் படி: காற்று

ஏர் ஃபில்ட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அங்கிருந்து திராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள், மடிப்புக்குள் வெடிப்பு ஒளிந்திருக்கும். காற்றை அளக்கும் மாஸ் ஏர் சென்சார் இருந்தால், அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் கூடாது, பஞ்சு வைத்துத் துடைக்கவும் கூடாது. உள்ளே இருப்பது முடி மாதிரி மெல்லிய கம்பி. திராட்டில் வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் துடைக்கலாம். ஆனால் எலக்ட்ரானிக் திராட்டிலின் தட்டை விரலால் நெம்பாதீர்கள். துடைத்த பிறகு ஐடில், அதாவது மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம், கொஞ்சம் தாறுமாறாக இருந்தால், காடியின் கையேட்டில் உள்ளபடி ஐடிலை மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: தீப்பொறி

அதிகப் பேருக்கு விடை இங்கேதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கும் காடி, அழுத்தினால் மட்டும் ஏன் திணற வேண்டும்? மிதியை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று போகிறது, அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக்கும் விரிசல் விட்ட காயிலும் இங்கேதான் கைவிரிக்கும்.

இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டுக் காயிலைக் கழற்றுங்கள். சூட்டில் பிளக்கைத் திருகினால் அலுமினிய மரை போய்விடும். பிளக் இருக்கும் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேல்மூடியின் கேஸ்கெட் கசிகிறது, அதையும் மாற்ற வேண்டும். சாதாரண நிக்கல் பிளக் என்றால் 20,000 முதல் 40,000 கி.மீ. வரை, இரிடியம் என்றால் 100,000 கி.மீ. வரை தாங்கும்.

காயில் கெட்டதா என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. என் காடியில் வந்த எண் பி0302. இரண்டாம் சிலிண்டரின் காயிலை எடுத்து ஒன்றில் வைத்தேன், ஒன்றில் இருந்ததை இரண்டில் வைத்தேன். எண்ணை அழித்துவிட்டு ஓட்டியபோது பி0301 வந்தது. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது, அப்படியென்றால் காயில்தான். எண் இடம் மாறாமல் இருந்திருந்தால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் என்று தேட வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: பெட்ரோல்

ரீடரில் ஃபியூல் ட்ரிம் என்று ஒரு சதவீதம் காட்டும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. நீண்டகால ட்ரிம் கூட்டல் 10ஐத் தாண்டினால் காடி பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. ஐடிலில் அதிகமாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து, இழுக்கும்போது கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்ட்டர், மாஸ் ஏர் சென்சார் ஆகியவற்றில் ஒன்று. பம்பின் அழுத்தத்தைப் பட்டறையில் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அளக்காமல் பம்ப் மாற்ற விடாதீர்கள். எப்போதும் பெட்ரோல் மீட்டரில் ஒரு கோடு மட்டும் வைத்தே ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை: டாங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான்.

ரோன் 97 போட்டால் சரியாகுமா என்று கேட்பார்கள். கையேட்டில் ரோன் 95 என்றிருந்தால் ஆகாது. காசுதான் கரையும்.

எட்டாம் படி: கடைசியாகக் கியர்பாக்ஸ்

கியர்பாக்ஸ் எண்ணெயை அளக்கும் குச்சி (டிப்ஸ்டிக்) உள்ள காடியில் கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிவப்பாக இருக்கும் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்து, தீய்ந்த வாடை அடித்தால் விஷயம் பெரிது. மாற்றும்போது சிவிடி காடிக்குச் சாதாரண ஆட்டோ எண்ணெய் ஊற்றக் கூடாது, இரண்டும் வேறு வேறு. டப்பாவைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முள் 3,000ஐத் தாண்ட மறுத்து, சூடு ஏற ஏற மோசமாகிறது என்றால் கியர்பாக்ஸுக்கு முன் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்றால், "காடி ஒரு மாதிரியா இருக்கு அண்ணே" என்று சொல்லாதீர்கள். நான் இரண்டாவது பட்டறையில் சொன்னது: "40இல் அழுத்தினால் 2,500இல் வெட்டுது. 2இல் போட்டாலும் வெட்டுது. சூடானால் அதிகம். பி0302 வந்தது, காயிலை மாத்தி வச்சேன், பி0301 ஆயிருச்சு." அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் காடியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. காயிலை எடுத்து டார்ச் அடித்து, ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு வெடிப்பைக் காட்டினார்.

வேலை முடிந்ததும் எண்களை அழித்துவிட்டு, அதே சாலையில், அதே 40இல், மறுபடி வீடியோ எடுங்கள். ஒரு வாரம் கழித்து ரீடரை மீண்டும் செருகிப் பாருங்கள். என்னுடையதில் எதுவும் திரும்பி வரவில்லை. பிறை டோலில் அழுத்தினால் அரை நொடி யோசிப்பது மட்டும் இன்னும் இருக்கிறது. அது கிக்டவுன், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.