கனெக்சினுக்கும் பக்கத்துச் சேனலுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிப்பது எப்படி

பாம்பனில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக வந்து கேட்டான்: "அக்கா, கேப் ஜங்ஷன்னா ரெண்டு செல்லுக்கு நடுவுல ஒரு வழி, அவ்வளவுதானே? அது பக்கத்துல இருக்கிற, செல்லுக்குள்ள சோடியத்தை விடுற சோடியம் சேனலோட சேர்ந்து வேலை பார்க்குதுன்னு எப்படிக்கா காட்டுறது?" அவனிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன், அடுத்த வருஷமும் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

முதலில் அந்த "அவ்வளவுதானே"வை விட்டுவிடுங்கள். கனெக்சின் புரதம் 6 சேர்ந்தால் ஒரு செல்லின் சவ்வில் அரை வாசல். எதிர் செல்லின் அரை வாசல் வந்து முட்டிப் பொருந்தினால் முழு வழி. இந்த வழிகள் கூட்டமாக அடர்ந்திருக்கும் இடம்தான் கேப் ஜங்ஷன் திட்டு. பழைய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்கு இரண்டு பக்கமிருந்தும் இறங்கி நடுவில் சேருவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆனால் பாலத்துக்கு இல்லாத ஒன்று கனெக்சினுக்கு உண்டு, வால். இதயத்தில் நிறைய இருக்கும் கனெக்சின் 43-இல் 382 அமினோ அமிலங்கள், அதில் கடைசி 150 சொச்சம் செல்லுக்குள்ளே தொங்குகிறது. அந்த வாலின் நுனியை இசட்ஓ-1 என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது, அப்படிப் பிடிபட்டவை கேப் ஜங்ஷன் திட்டைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. 2011-இல் அந்த இடத்துக்குப் பெரிநெக்சஸ் என்று பெயர் வைத்தார்கள். இதயத்தின் சோடியம் சேனலான நாவ் 1.5 அங்கேயும் இருக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனை 2013-இல் வந்தது. எலியின் கனெக்சின் 43-இல் கடைசி 5 அமினோ அமிலங்களை, அதாவது அந்த வால் நுனியை, மட்டும் நீக்கினார்கள். செல்லுக்குச் செல் போகும் வழி நன்றாகவே வேலை செய்தது, ஆனாலும் சோடியம் மின்னோட்டம் குறைந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி எலிகள் செத்தன. வழி அடைபடாமலே இவ்வளவும்!

சரி, நீங்கள் எப்படிக் காட்டுவது? எந்த மாதிரித் தொடர்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள். கண் லென்ஸில் தண்ணீர் சேனலான அக்வாபோரின் 0-வும் கனெக்சின் 50-உம் போல ஒன்றையொன்று தொடுகிறதா, அல்லது ஒன்று மற்றொன்றைச் சவ்வுக்குக் கொண்டுவர உதவுகிறதா, அல்லது மூளையில் நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்லில் நடப்பது போலவா. அங்கே கேஐஆர் 4.1 சேனல் உள்ளே இழுத்த பொட்டாசியத்தைக் கனெக்சின்கள் பக்கத்துச் செல்களுக்குப் பகிர்ந்துவிடுகின்றன, அதற்குத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மூன்றுக்கும் ஒரே சோதனை செய்தால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

என் யோசனை, தனிச் செல்லில் தொடங்குங்கள். பக்கத்தில் வேறு செல்லே இல்லாத ஒன்றில் பேட்ச் கிளாம்ப் (செல் சவ்வில் நுண்ணிய கண்ணாடிக் குழாயை ஒட்டி மின்னோட்டத்தை அளக்கும் முறை) வைத்து, கனெக்சின் இருக்கும்போதும் இல்லாதபோதும் சோடியம் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் செல்களுக்கு இடையே உள்ள வழி இல்லை, ஏனென்றால் அங்கே வழியே கிடையாது. வெளிக் கரைசலில் கால்சியத்தை மட்டும் குறைத்துவிடாதீர்கள், அரை வாசல்கள் திறந்துகொண்டு கணக்கு குழம்பிவிடும். ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல் வகைகளில் ஹெக் செல்லில் கனெக்சின் 43 முன்பே கொஞ்சம் இருக்கும், அதனால் ஹீலா செல் பரவாயில்லை. அப்புறம் செல்லில் சேனல் புரதம் மொத்தம் எவ்வளவு என்றும் பாருங்கள். அளவு மாறாமல் மின்னோட்டம் மட்டும் குறைந்தால், சேனல் சவ்வுக்கு வந்து சேர்வதில் சிக்கலா என்று சந்தேகப்படலாம்.

தொடுகிறதா என்று பார்க்க ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்து இழுத்து, கூடவே மற்றது வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கேப் ஜங்ஷன் திட்டுகள் சவ்வைக் கரைக்கப் போடும் சோப்பு மாதிரியான டிரைட்டான் எக்ஸ்-100-இல், 1 சதவீதத்தில், கரையாது. சென்ட்ரிஃபியூஜ் போட்டு மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்தால், தேடிய பொருள் அடியில் வண்டலோடு குப்பைக்குப் போய்விடும். வண்டலையும் வைத்துக்கொள்ளுங்கள். கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்பில் இரண்டு புரதங்களுக்கும் போட்ட பச்சையும் சிவப்பும் சேர்ந்து மஞ்சளாகத் தெரிந்தால் உடனே குதிக்காதீர்கள், அது பிரித்துக் காட்டுவதே சுமார் 200 நானோமீட்டர்தான், அந்த இடைவெளியில் எத்தனையோ புரதம் உட்காரலாம். கேப் ஜங்ஷனை அடைக்கும் கார்பெனாக்சலோன் மருந்தைப் போட்டதும் விளைவு நின்றுவிட்டது என்பதும் ஆதாரம் ஆகாது, அது பனெக்சின் என்ற வேறு சேனல் புரதத்தையும் அடைக்கும்.

சோதனைக்கு எந்த உயிரின் திசுவை எடுப்பது என்ற விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஆசை வரும், கரையில் இறாலும் நண்டும் கணவாயும் இவ்வளவு கிடைக்கிறதே என்று. வேண்டாம். அவற்றில் கனெக்சின் கிடையாது, இன்னெக்சின் என்ற வேறு குடும்பம்தான் உண்டு. மீனில் கனெக்சின் உண்டு.

ஆட்டு இதயம் எடுத்தால் அறுத்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். நான் ஒருமுறை கீழக்கரையில் வாங்கி, மீன் பெட்டியில் ஐஸ் போட்டு மதுரை பஸ்ஸில் கொண்டுபோனேன். புரதங்களை அளவுவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், கனெக்சின் 43-இன் பாஸ்பேட் ஏறிய மேல்பட்டைகள் மங்கி, கீழ்ப்பட்டை மட்டும் தடிமனாக வந்தது. ரத்த ஓட்டம் நின்றால் அதன் பாஸ்பேட்டுகள் கழன்றுவிடும், ஐஸ் அதை முழுசாகத் தடுக்காது. இப்போதெல்லாம் பாஸ்படேஸ் தடுப்பான் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியைத் தடுப்பது) கலந்த பஃபர் கரைசலைக் கடைக்கே எடுத்துப் போய், அங்கேயே துண்டு போட்டு அதில் முக்கிவிடுகிறேன். கறிக்கடை பாய் வேடிக்கை பார்ப்பார், பார்த்துக்கொண்டு போகட்டும்.